குடிசைத் தட்டு

தட்டியைத் திறந்ததுமே நீலாவதிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நாய் படுத்துப் பழகியிருக்கிறது. எலிப்புழுக்கை, மக்கின துணி, எவளோ விட்டுப்போன கிழிந்த பாய். தீட்டு வந்தால் பொம்பளைகள் ஊர்க்கோடியில் இந்தக் குடிசையில்தான் கிடக்க வேண்டும் என்று முதலில் சொன்னவன் எவனோ, ஒரு நாளாவது இதில் படுத்துப் பார்த்திருப்பானா? ச்சீ என்று காறித் துப்பினாள்.

காலையில் காவலூர் பள்ளிக்கூடத்திலிருந்து போன். பதிமூன்று வயது பூஜா வயதுக்கு வந்துவிட்டாள். அப்பன் ராஜாக்கண்ணுதான் போய் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தான். வண்டிக்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது. வந்ததும் மகளைப் புளியமரத்தடியிலேயே நிறுத்திவிட்டான்.

"வூட்டுக்குள்ள வுடாத. பதினோரு நாளு குடிசைதான். பெத்தவதான முறைய சொல்லிக்குடுக்கணும், போய் பெருக்கி வை" என்றான். தளம் போட்டு டைல்ஸ் ஒட்டின வீட்டின் வாசலில் நின்றுகொண்டுதான் சொன்னான்.

பெருக்கினாள். கூரைச் செருகலிலிருந்து அந்த அலுமினியத் தட்டை உருவினாள். இவள் பெரியவளானபோது அம்மா கையில் கொடுத்தது. கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரங்களில் படாமல் தனியாகத் துணியில் சுற்றி அனுப்பிவைத்தாள். குடிசையில் மட்டும்தான் புழங்க வேண்டும், வீட்டுப்படி ஏறக்கூடாது. புளி போட்டு மூன்று தரம் தேய்த்தாள். நாற்றம் போகவில்லை. குடத்தைத் தொடாதே, ஆம்பளைங்க எதிரில் வராதே, சோற்றைத் தள்ளி வைப்பாங்க, இழுத்துக்கோ. அம்மா சொன்னதெல்லாம் மகளுக்குச் சொல்லத் தோதாக வரிசையாக நாக்கில் வந்து நின்றது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பூஜா புத்தகப் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். நீலாவதி தட்டை நீட்டினாள்.

"இதுலயாம்மா துன்னணும்?"

"ஆமா. எங்கம்மா எனக்குக் குடுத்தது."

பூஜா வாங்கி முகர்ந்து பார்த்தாள். சட்டென்று திரும்பி மரத்தடியில் ஓங்கரித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அடக்கத்தைத்தான் நீலாவதியால் பார்க்க முடியவில்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எழுந்து வூட்டுக்குள்ள வா."

பங்காளிகளுக்குச் சொல்லிவிட்டு ராஜாக்கண்ணு பசியோடு திரும்பினான். நடுக்கூடத்தில் உட்கார்ந்து போனைத் தடவினான். நீலாவதி சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். பார்க்காமலே பிசைந்து இரண்டு வாய் போட்டபிறகு முகத்தைச் சுளித்தான்.

"இன்னா நாத்தம் இது? ஏது இந்தத் தட்டு?"

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். மாதா மாதம் அவன் அம்மா இவளுக்கு இந்தத் தட்டில்தான் சோற்றைத் தூக்கிப் போட்டாள். அவனுக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை.

"எங்கம்மா குடுத்தது. குடிசையில நான் துன்ற தட்டு. துன்னுங்க."

உள்ளறையில் யாரோ ஃபேனைப் போடும் சத்தம் கேட்டது. ராஜாக்கண்ணு கதவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பிசைந்த கை வாய்க்கும் போகாமல் கீழேயும் இறங்காமல் நின்றது. விரலிடுக்கில் வழிந்த குழம்பு, தட்டின் நெளிவில் சொட்டித் தேங்கிக்கொண்டிருந்தது.