வண்டி ஓடுதா, சகலை?

வீட்டுச் சாமான்களை ஒரு வீட்டிலிருந்து ஏற்றி இன்னொரு வீட்டில் இறக்குவதுதான் அவன் பிழைப்பு. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், உடையாமல் போய்ச் சேரவேண்டிய கண்ணாடி அலமாரி. சின்ன லாரிதான், ஆனால் சொந்த லாரி. அது கொஞ்ச நாளாக நீலப் புகை விட்டுக்கொண்டிருந்தது. இஞ்சின் ஆயிலை டீசல் மாதிரிக் குடித்தது. மேடு ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து, திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். இஞ்சினை முழுசாகப் பிரித்து வேலை பார்த்தே ஆகவேண்டும்.

யோசிக்க இதில் ஒன்றுமே இருந்திருக்காது. அவன் சகலை, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்காரர், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டு எழுந்த நேரத்தில்தான் அவன் வாயை விட்டான்.

"இந்தத் தடவை நானே பிரிச்சுப் பண்ணலாம்னு இருக்கேன்."

சகலை கை கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "தாராளமா பிரிங்க சகலை. பிரிக்கிறது யாரு வேணா பிரிக்கலாம். அப்புறம் எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டி என்கிட்ட கொண்டுவந்துடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சகலை சிரித்ததில் தப்பில்லை, அவர் சொன்ன ஜோக்குக்கு அவர் சிரிக்கிறார். ஆனால் அவன் மனைவியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாளே வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் லாரியை நிறுத்தினான். "இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று பொதுவாக அறிவித்தான். கை வைக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

சகலை சொன்னதுபோலவே பிரிப்பது சுலபமாகத்தான் இருந்தது. அதுவே அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. கொட்டகையின் இரும்பு உத்தரத்தில் செயின் கப்பியை மாட்டி இஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தான். பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோய்ச் சிலிண்டர்களைக் கடைந்து எடுத்துவந்தான். புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங், புது சீல் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின. கொட்டகையில் தூசி பறக்கிறது என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் குடியேறின. சோபாவுக்குப் பின்னால் கிராங்க், துணி மடிக்கும் மேஜையில் வால்வுகள். பிஸ்டனில் அதன் இரும்புப் பின் ஏறுவதற்காக அதை வெந்நீரில் சூடாக்கவேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்தது பால் பாத்திரம்.

மனைவி பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை முடித்து வந்தவள், அடுப்பைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"என்னங்க இது?"

"பிஸ்டன்."

"அது தெரியுது. எதுல இருக்குன்னு கேட்டேன்."

"கழுவிக் குடுத்துடறேன்."

"வேண்டாம். நீங்களே வெச்சுக்கங்க. இனிமே உங்க இஞ்சினுக்கே பால் காய்ச்சிக் குடுங்க."

இத்தனைக்கும் நடுவே மாமியார் வேறு வீட்டில் இருந்தார். ஒரு கண்ணில் புரை எடுத்து, பெரிய மகள் வீட்டில் மாடிப்படி என்பதால் இங்கே வந்து தங்கியிருந்தார். புத்தகம் படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அந்த ஜன்னல் கொட்டகையைப் பார்த்தது. மரியாதையான மனுஷி. மாப்பிள்ளையை 'வாங்க போங்க' தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை. அவர் காதுபட மாப்பிள்ளை ஒரு கெட்ட வார்த்தை பேச முடியுமா? ஸ்பானர் நழுவி விரல் முட்டி உரிந்தால்கூட, "அட..." என்று ஆரம்பித்து, "...டா" என்று முடித்துக்கொள்வான். மீதி வார்த்தை தொண்டையிலேயே நின்று புளிக்கும்.

கிராங்கைப் பூட்டி, பிஸ்டன்களை இறக்கி, கனெக்டிங் ராடுகளை மாட்டி முடித்த அன்று, சுழற்றிப் பார்த்தால் சுழலவில்லை. கடப்பாரை போட்டு நெம்பினாலும் அசையவில்லை. ராடைக் கிராங்கில் பூட்டுகிற மூடிகளில் எது எந்த ராடுக்கு என்று சாக்பீஸில் நம்பர் போட்டு வைத்திருந்தான். பிறகு எல்லாவற்றையும் சுத்தமாக டீசலில் கழுவினான். நம்பரும் சுத்தமாகப் போய்விட்டது. இரண்டு மூடிகள் இடம் மாறியிருந்தன. எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினான்.

"சாப்பிட வரலையா மாப்பிள்ளை?" என்றார் மாமியார் ஜன்னலிலிருந்து.

"பசிக்கல அத்தை" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒருவழியாக இஞ்சினை லாரிக்குள் இறக்குகிற நாள் வந்தது. கப்பியில் தொங்கும் இஞ்சினை, வண்டியிலேயே இருந்த கியர்பாக்ஸின் தண்டுக்கு நேராகக் கொண்டுவந்து சொருகவேண்டும். ஒரு ஆள் கப்பியைப் பிடிக்க, இன்னொரு ஆள் கீழே படுத்துப் பார்க்க, மூன்றாவது ஆள் முன்னாலிருந்து தள்ளுகிற வேலை அது. மூன்று ஆளாகவும் அவனே ஓடினான். கப்பியை ஒரு பல் இறக்குவான், ஓடிப்போய்க் கீழே படுப்பான், எழுந்துவந்து முன்னால் தள்ளுவான். விரல் அகல இடைவெளி விட்டு இஞ்சின் அடம்பிடித்து நின்றது. தள்ளினான், ஆட்டினான், கெஞ்சினான். வெறுத்துப்போய் முதுகைத் திருப்பி முட்டுக்கொடுத்து உந்தியபோது, இவ்வளவு நேரம் என்னவோ விளையாடியதுபோல, வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

டீசல் லைனில் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றிச் சாவியைத் திருப்பினான். இருமியது. வெள்ளைப் புகை கக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. சீரான, கனமான சத்தம். மனைவி ஈரக்கையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிளட்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினான்.

கர்ர்ர்ர்.

திரும்ப மிதித்தான். திரும்பவும் பல்லோடு பல் அரைக்கிற சத்தம். மூன்றாவதிலும் அதே, ரிவர்ஸிலும் அதே. இஞ்சினை அணைத்தால் எல்லாக் கியரும் வெண்ணெயாக விழுந்தது. ஓடவிட்டால் ஒன்றும் விழவில்லை. கிளட்ச் பிடியை விடவே மாட்டேன் என்கிறது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கிளட்ச் லைன்ல காத்து இருக்கும்."

காற்றாகத்தான் இருக்கவேண்டும் என்று அவன் மனதார விரும்பினான். கிளட்ச் லைனில் காற்றெடுத்தான். ஆயிலை மாற்றினான். கிளட்ச் சிலிண்டரையே புதிதாக வாங்கிப் போட்டான். பெடலின் உயரத்தைக் கூட்டினான், குறைத்தான். கர்ர்ர். கோளாறு உள்ளே இருக்கிறது, கியர்பாக்ஸை இறக்கினால்தான் தெரியும் என்பது அவன் மூளைக்குப் புரிந்துதான் இருந்தது. உடம்புதான் கேட்க மறுத்தது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அந்த அழகான சத்தத்தைக் கேட்டு வயிறெரிந்துவிட்டு அணைப்பான். இஞ்சின் ஓடியது, வண்டிதான் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சகலை வந்தார். மாமியாரைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க சகலை, கேப்போம்."

பண்ணினான். சகலை தலையைச் சாய்த்துக் கேட்டார். பானெட்டுக்குள் கையை வைத்து அதிர்வு பார்த்தார். கிண்டல் வரும் என்று இவன் தயாராக நின்றான்.

"சுத்தமா இருக்கே!" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் எதிர்பார்க்கல சகலை. வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

அவன் டேங்க் பக்கம் கையைக் காட்டினான். "இல்ல... டீசல்..."

"டீசல் இல்லாமலா ஓடுது?"

அப்போதுதான் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "காலையிலதான் போயிட்டு வந்தோம் மாப்பிள்ளை. என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அலுப்பா இருப்பாரு, விடுங்க."

சகலை ஜன்னலைப் பார்த்தார். "லாரியிலயா அத்தை?"

"ஏன், நான் ஏறமாட்டேனா?"

"சொல்லியிருந்தா கார் எடுத்துட்டு வந்திருப்பேனே!"

"கார்ல குனிஞ்சு ஏறணும். டாக்டர் குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. இது உயரமா, காத்தோட்டமா, நல்லா இருந்துச்சு."

பொய் என்றால் முகம் சுளிக்கிற மனுஷி, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இமைக்காமல் சொன்னார். சகலை போன பிறகு இவன் தயங்கித் தயங்கி ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான்.

"அத்தை, நீங்க எதுக்கு..."

"எனக்குக் கண்ணுதான் மங்கல் மாப்பிள்ளை, காது நல்லாத்தான் இருக்கு. வண்டி கொட்டகையை விட்டு நகரலைன்னு தெரியாதா?" குரல் உயரவில்லை. ஆனால் கோபம் இருந்தது. "இந்த வயசுல என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டீங்க. வெள்ளிக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி இருக்கு. இந்த லாரியிலயே கூட்டிட்டுப் போயிடுங்க. சொன்னது அன்னிக்காவது நிஜமாகட்டும்."

இனி சாக்குப்போக்குக்கு இடமில்லை. கார் ஜாக்கி ஒன்று, மரக்கட்டைகள், ஒரு பழைய டயர். இவற்றை முட்டுக்கொடுத்து, மல்லாந்து படுத்து, பாதி கனத்தை நெஞ்சில் வாங்கி கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கினான். கண்ணில் துரு கொட்டியது. மனைவி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கை வைக்கவில்லை, பக்கத்தில் இருந்தாள்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குங்க? அத்தான்கிட்ட விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

அவனால் அடக்க முடியவில்லை. "நீ அன்னிக்கு ஏன் சிரிச்சே?"

"என்னிக்கு?"

"சாக்குல கட்டிக் கொண்டுவரச் சொன்னாரே, அன்னிக்கு."

வண்டிக்கு வெளியே அவளுடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. "எந்த சாக்கு? எனக்கு ஞாபகமே இல்லங்க. அத்தான் எதுக்கெடுத்தாலும் ஏதாவது சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிச்சிருப்பேன்."

இவ்வளவு நாள் உரிந்த விரல், காணாமல் போன தூக்கம், கைவிட்டுப் போன சவாரிகள். அவளுக்கு ஞாபகமே இல்லையாம்! கோபத்தை யார் மேல் போடுவது என்று தெரியாமல் கியர்பாக்ஸ் மேல் போட்டான். அது ஒரு குலுங்கலில் பின்னால் வந்து டயர் மேல் விழுந்தது.

கிளட்சின் பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் நடுவிலிருந்த வட்டத் தகடு அவன் மார்பிலேயே விழுந்தது. எடுத்துப் பார்த்தான். 'இந்தப் பக்கம் இஞ்சினுக்கு' என்று அதன் மேலேயே எழுத்து பதித்திருந்தார்கள். கியர்பாக்ஸ் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த எழுத்து. மாட்டும்போது அதைத் துணியால் துடைத்தது நினைவிருந்தது. எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நன்றாகவே துடைத்திருந்தான். துடைத்ததைப் படிக்கவில்லை.

இத்தனை நாள் தொண்டையில் நின்ற வார்த்தை கொட்டகைத் தகரம் அதிர வெளியே வந்தது. ஒன்றல்ல, அதன் அண்ணன் தம்பிகளும் சேர்ந்து வந்தன. பக்கெட் உருண்டது. தெருவில் போன சைக்கிள் நின்றது.

ஜன்னலிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "என்னன்னு தெரிஞ்சிடுச்சா மாப்பிள்ளை?"

"தெரிஞ்சிடுச்சு அத்தை."

வெள்ளிக்கிழமை முக்காலி போட்டு மாமியாரை ஏற்றினான். முதல் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மேட்டில் மூன்றாவதிலேயே ஏறியது. கண்ணாடியில் பார்த்தான், புகையே இல்லை. மாமியார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற வண்டிகளின் தலைகளை உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். "நிஜமாவே காத்தோட்டமாத்தான் இருக்கு" என்றார். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் வாட்ச்மேன் வண்டிக்கு அடியில் குனிந்து நின்றிருந்தார்.

"சார், ஒழுகுது."

இஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டுச் சொட்டாகப் புது ஆயில். ஆயில் கசியாமல் தடுக்கிற பின்பக்கத்து சீல். அந்த சீலில் ஆயில் தடவாமல் காய்ந்தபடியே அழுத்தியது சட்டென்று ஞாபகம் வந்தது. அதை மாற்றவேண்டுமென்றால் கியர்பாக்ஸைத் திரும்பவும் இறக்கவேண்டும். அவன் பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டான். திட்டக்கூடத் தெம்பு இல்லை.

உட்கார்ந்தபடியே சகலைக்குப் போன் போட்டான்.

"வண்டி ஓடுதா, சகலை?"

"ஓடுது. ஒழுகவும் செய்யுது. பின் சீல்." பம்பரிலிருந்து எழுந்தான். "அத்தை அன்னிக்குச் சொன்னது பொய். அன்னிக்கு வண்டி நகரவே இல்ல. கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டியிருந்தேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வரும் என்று காத்திருந்தான். வந்தது. ஆனால் சீக்கிரமே நின்றது. "கொண்டுவந்து விடுங்க. நம்ம ஆளுங்க பார்த்துடுவாங்க."

"வேண்டாம். கியர்பாக்ஸ் இறக்குற ஜாக்கி இருக்குல்ல, அதை மட்டும் குடுங்க."

"அது இல்லாமலா இவ்வளவும் பண்ணீங்க? பாக்ஸை எப்படி இறக்குனீங்க?"

"நெஞ்சுல."

"பைத்தியமா சகலை உங்களுக்கு?" என்று கத்தினார் சகலை. "செத்துத் தொலைஞ்சிருந்தா என் பொண்டாட்டியோட தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அன்று மாலையே ஜாக்கியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வீட்டுக்குள்கூட வராமல் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அதை வைத்து இறக்கியபோது கியர்பாக்ஸ் லிஃப்டில் இறங்குகிற மாதிரி அலுங்காமல் இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை கஷ்டத்திலும் இதுபோல அவனுக்கு ஆத்திரம் வந்ததில்லை. நாலு சக்கரம், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் ஜாக்கி. கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பார். சீலின் உதட்டில் விரலால் ஆயிலைத் தடவி, தடவியதை இரண்டு தடவை பார்த்து, மாட்டினான்.

திங்கட்கிழமை கொட்டகைத் தரையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். தரை காய்ந்திருந்தது. மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு வீட்டைக் காலி செய்கிற சவாரி. பீரோ படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வீட்டுக்காரர், "கதவைக் கழற்றினா வந்துடுமோ?" என்று இழுத்தார்.

"நீங்க தள்ளி நில்லுங்க சார்" என்றான் அவன், பீரோவுக்கு அடியில் தோளைக் கொடுத்துக்கொண்டே. "இது நம்ம வேலை."