மூச்சும் வாங்கணும், பேச்சும் வரணும்

வாசலில் குவிந்து கிடந்த ஐம்பது அறுபது ஜோடிச் செருப்புகளுக்கு நடுவே குனிந்து சின்னவள் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள். யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அகப்பட்டது நடைக்கென்று வாங்கிய ஷூதான். உள்ளே அவளுடைய ஓரகத்தி, பெரியவள், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். நேற்று மதியம், தான் வேலை பார்த்த மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டே சாய்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை.

"சித்தி, நீங்க வேன்ல ஏறிக்கங்க," என்றான் பெரியவளின் மகன். "மூணு வாரத்துல ஆபரேஷன் இருக்கு உங்களுக்கு."

"ஆபரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இனிமே யார் கூடடா நடக்கிறது?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு குடலில் கட்டி என்று பெரியவளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டபோது, டாக்டர் நாள் குறிக்கும் முன்பே நடக்கச் சொன்னார். "உட்கார்ந்தே வேலை பார்க்கிற உடம்பு இது. ஆறு வாரம் தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க. மூச்சும் வாங்கணும், பேச்சும் வரணும். பேச்சு நின்னுபோனா வேகத்தைக் குறைங்க. கூட ஒரு ஆள் இருக்கட்டும்."

வீட்டில் அந்த நேரத்துக்குச் சும்மா இருந்த ஒரே ஆள் சின்னவள். இருவரும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சின்னவள் தைத்துக் கொடுத்த சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று பெரியவள் சொல்ல, "சட்டை சரியாத்தான் இருக்கு, ஆள்தான் பெருத்துப்போச்சு" என்று சின்னவள் வாயை விட்டதில் வந்த வினை அது.

முதல் மூன்று நாள், டாக்டர் பேச்சைத் தட்டக்கூடாது என்று இருவரும் கடைப் பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே நடந்தார்கள். ஒருத்தி இடது பக்கத்துக் கடைகள், மற்றவள் வலது பக்கம். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நாலாம் நாள் பெரியவள் ஒரு பல் டாக்டரின் பலகையைக் கண் டாக்டர் என்று வாசித்தாள்.

"கண் இல்ல, பல்லு. முதல்ல உங்க கண்ணைக் காட்டுங்க."

"நீ தைச்ச சட்டையை விட என் கண்ணு தேவலை!"

ஒன்பது வருஷத்துப் பாக்கி மொத்தமும் அன்றைக்கு வெளியே வந்தது. சண்டை முடிந்து பார்த்தால், வழக்கத்தை விட இரண்டு தெரு தாண்டியிருந்தார்கள். பெரியவளுக்கு மூச்சு வாங்கியது, பேச்சும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் கூடச் சண்டை இல்லாமல் நடக்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே ஆஸ்பத்திரி நடைபாதையில் பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூடவே சின்னவள் நச்சரித்துக்கொண்டு போனாள். "வாயாடியே தேறிட்டீங்கம்மா" என்று நர்ஸ் சிரித்தாள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம் சின்னவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையே பெரியவள் வந்து கதவைத் தட்டினாள். "எழுந்திருடி. என்னைத் தேத்தினவ நீ படுத்துக்கிடந்தா என் மானம் போயிடும்." நேற்றுக் காலை வரைக்கும் அவளை நடக்க வைக்காமல் விடவில்லை. அதை நினைத்ததும் சின்னவளுக்கு அடக்க மாட்டாமல் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஷூவின் நாடாவைக் கட்டினாள்.

பெட்டி வேனில் ஏறியது. சின்னவள் ஏறவில்லை. வண்டிக்கு முன்னால் நடந்தவர்களோடு சேர்ந்துகொண்டாள். நாலு எட்டு வைப்பதற்குள் மகன் ஓடி வந்து பக்கத்தில் நடந்தான்.

"பள்ளிக்கூடத் தெரு வழியா போயிடலாம் சித்தி. சுடுகாட்டுக்கு அதுதான் கிட்ட."

"யாருடா சொன்னது? பஸ் டிப்போ வழிதான் கிட்ட."

"டிப்போ வழி சுத்து."

"நான் தினம் நடக்கிறவ. ஸ்கூட்டரை விட்டு இறங்காத உனக்கு என்ன தெரியும்?"

"அம்மாவே பள்ளிக்கூட வழிதான்னு சொல்வாங்க."

"உங்கம்மா சொன்னது எது சரியா இருந்திருக்கு?"

பின்னால் வந்த பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவளின் நடை வேகம் பிடித்திருந்தது. அவனுக்குத்தான் இரைத்தது.

"நாளைக்கு வா. ரெண்டு வழியும் நடந்தே பார்த்திடுவோம்," என்றாள்.

"வர்றேன். அஞ்சரைக்கு."

"ஆறுக்கு."

"அஞ்சரை."

முச்சந்தி வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். வேன் டிரைவர் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தார்.