மூன்றாவது குன்மனாரா

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் உடனே கட்டிப்பிடிக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை, எதற்கு வந்தாய் என்று கேட்க நேரமில்லை. கட்டிப்பிடித்து, போட்டோ எடுத்து, அழுதுவிட்டு, காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். முன்பெல்லாம் வந்தவர் சற்றுத் தள்ளி மண்ணில் உட்காருவார். நாம் கூப்பிட்டால்தான் நெருப்பருகே வருவார். அதற்குள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் பழங்குடிகளான எங்களிடமிருந்து பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடித் திரும்பச் சேர்க்க நகரத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்து கெய்லி என்ற பெண் வருவாள். நல்ல பெண்தான், ஆனால் காகிதத்தை நம்புகிறவள். என் தங்கையை நாலு வயதில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது ஏழு. ஐம்பத்தெட்டு வருஷமாயிற்று. இதோ உங்கள் தங்கை என்று கெய்லி ஏற்கெனவே இரண்டு பெண்களைக் கூட்டிவந்தாள். இரண்டு பேரும் அவள் இல்லை.

கோளாறு பேரில்தான். எங்களில் ஒருவர் செத்தால் அவர் பேரை வாயால் சொல்லமாட்டோம். அதே பேர் உயிரோடு இருப்பவருக்கும் இருந்தால், துக்கம் ஆறும்வரை அவரைக் குன்மனாரா என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருஷம் என் அத்தை செத்திருந்தாள். அத்தை பேர்தான் தங்கைக்கும். லாரிக்காரன் கேட்டதற்கு யாரோ குன்மனாரா என்று சொல்ல, அவன் அதையே பேர் என்று எழுதிக்கொண்டான். இந்தப் பாலைவனத்தில் இன்னும் எத்தனை குன்மனாராக்களை எழுதினானோ.

முதலில் வந்த இருவரும் இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள். அண்ணே என்கிறார்கள். ஒருத்தி ஸ்வெட்டர் பின்னித் தந்தாள். இருக்கட்டும், எனக்கென்ன நஷ்டம்.

போன வாரம் கெய்லி மூன்றாமவளைக் கூட்டிவந்தாள். மேவிஸ். ஆஸ்பத்திரிச் சலவையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவளாம். அவள் கட்டிப்பிடிக்கவில்லை. வேலிப் பக்கம் கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். மரியாதை தெரிந்தவள் என்று நினைத்தேன்.

"முட்டி வலி" என்றாள். "அதுக்கு மேல நடக்க முடியல."

சாம்பலில் கங்காரு வால் வெந்துகொண்டிருந்தது. வாளியோடு அவளை அருகே நகர்த்திவைத்தோம்.

"கருகுது" என்றாள்.

"கருகல. அப்படித்தான் இருக்கும்."

"நான் வெள்ளக்காரங்க விடுதியில வளந்தவ. ஆனா கருகினது கருகினதுதான்."

கெய்லி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூக்கு ஒரே மாதிரி இருக்குல்ல?"

"இந்த ஊருல எல்லா மூக்கும் இப்படித்தான். உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?" என்று மேவிஸைக் கேட்டேன். முந்தைய இருவரையும் இதைத்தான் கேட்டேன். ஒருத்தி மழை என்றாள், மற்றவள் ஏதோ பாட்டு என்றாள்.

மேவிஸ் வாலைப் பிய்த்து மென்றாள். "பெருசா ஒண்ணுமில்ல. உப்புப் புதருக்குள்ள ஒளிஞ்சிருந்தோம். லாரி அதுபாட்டுக்குப் போயிட்டிருந்துச்சு. என் கையில ஒரு துண்டு ரொட்டி. பக்கத்துல இருந்த பய அதப் பிடுங்கினான். நான் விடல. தொடையில கிள்ளிட்டான். கத்திட்டேன். லாரி நின்னுருச்சு."

நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன். நாய் குரைத்துதான் காட்டிக்கொடுத்தது என்று நம்பியே என் அம்மா செத்தாள். நான் அவளிடம்கூடச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"அந்தப் பயல மட்டும் பாத்தேன்னா காதத் திருகிருவேன்" என்றாள் மேவிஸ்.

"திருகு" என்றேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"நீயா?"

"நான்தான்."

"ரொட்டி?"

"தின்னுட்டேன். அழுதுகிட்டே தின்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் சிரிப்பாகத்தான் வந்தது. பிறகு முந்தானைபோல் கிடந்த கழுத்துத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் கத்தினதாலதான் புடிச்சிட்டாங்கன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேண்ணே."

"நான் கிள்ளினதாலன்னு நான் நெனச்சேன்."

"லாரிக்காரன ரெண்டு பேருமே மறந்துட்டோம் பாத்தியா" என்றாள். சொல்லிவிட்டு என் காதை நிஜமாகவே திருகினாள். சலவைக்காரி கை. இன்னும் வலிக்கிறது.

அத்தையின் துக்கம் எப்போதோ ஆறிவிட்டது. தங்கையின் சொந்தப் பேரை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று தடவை தப்பாகச் சொன்னாள். நாலாவது பரவாயில்லை.

கெய்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு படிவத்தை நீட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து, பெரியவரே. இவங்கதான் உங்க தங்கச்சின்னு."

"என்ன பேரு போட்டிருக்கு?"

"குன்மனாரா. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு. அப்புறமா மாத்திக்கலாம்."

"லாரிக்காரன் கையிலயும் காகிதம் இருந்துச்சு. எங்க அம்மா பெருவிரல அழுத்தி வாங்கினான்."

"இது அந்த மாதிரி இல்ல. இது உங்க நல்லதுக்கு."

"அவனும் அதத்தான் சொன்னான்."

"போட்டுத் தொலையேண்ணே" என்றாள் மேவிஸ். "பாவம், அவ வீட்டுக்குப் போகணும்."

பார்க்கலாம் என்றேன். பேனாவைக் கெய்லி கையிலேயே கொடுத்துவிட்டு, மேவிஸுக்கு விரிக்க மெத்தை தேடி வீட்டுக்குள் நடந்தேன். இந்தக் காலத்துக் காகிதம் வேறு என்று கெய்லி பின்னாலிருந்து இன்னும் விளக்கிக்கொண்டிருந்தாள். இருக்கலாம். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.