கண்ட்ரோல் மாயவன்

"உங்க நெலம் கண்ட்ரோலுங்க" என்று சாமை ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க வந்த தங்கதுரை சொன்னதும் மாயவன் நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கள்ளக்குறிச்சியில் கண்ட்ரோல் ரூம் என்று ஒன்றைப் பார்த்திருக்கிறார். போலீஸே அங்கிருந்து வரும் குரலுக்குப் பயப்படும். இனி வெள்ளிமலை ஊரே தன் கண்ட்ரோல் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லி, மனைவி காசியம்மாளைக் கோழி அடிக்க வைத்தார்.

விதை வந்தபோதுதான் விளங்கியது. கோயம்புத்தூர்க்காரர்கள் உருவாக்கி, ஹைதராபாத்காரர்கள் சோதித்து, நெதர்லாந்துக்காரர்கள் பாராட்டிய சாமை விதை ஊரில் இருபது பேருக்குக் கிடைத்தது. மாயவனுக்கு இல்லை. மற்றவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று அளக்க, முன்னேறாத ஒருவர் வேண்டுமாம். அதற்குப் பெயர்தான் கண்ட்ரோலாம், ஐந்து வருடத்துக்கு. அதற்காக மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அவர் நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுக்கொடுத்தன.

இரண்டு வருடம் மச்சான் பாவாடையின் சாமை காற்றுக்கு அசையாமல் நின்றது, எட்டு மூட்டை. மாயவனின் சாமை வழக்கம்போல் படுத்துக்கொண்டது, நாலு மூட்டை.

"சாரு, இந்த வருசம் நானும் அந்த வெதையப் போட்டுக்கறனே. மச்சாங்கிட்ட ஒரு மரக்கா கீது."

"நீங்க மாறிட்டா ஆராய்ச்சி போச்சுண்ணே. ஆராய்ச்சி போனா ஊருக்கே வெத நின்னுடும். என் வேலையும் போயிடுங்க."

"அப்ப ஊரு நல்லாருக்கணும்னா நான் நாசமாப் போவணும்?"

"நாசமால்லாம் வேணாங்க. இப்ப கீற மாதிரியே இருந்தாப் போதும்."

மழை பெய்தது. மாயவன் மச்சான் வீட்டு விதையையே போட்டார். மரக்கால் காலியானதைப் பாவாடை பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவடையில் கண்ட்ரோல் நிலமும் எட்டு மூட்டை கொடுத்தது. தங்கதுரை சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி, மூன்று ஊர்க்காரர்களிடமும் நடந்ததைச் சொன்னான். செல்லில் கைதட்டல் கேட்டது. நாம் கொடுக்காமலே புதுமை பரவியிருக்கிறதே! எப்படிப் பரவியது என்று ஆராய அங்கேயே ஒரு புதுத் திட்டம் முடிவானது.

கீழே நின்ற மாயவன் கேட்டார்: "இன்னா சாரு, வுட்டுட்டாங்களா?"

"இன்னும் அஞ்சு வருசங்க. அடுத்து வேற வெத வருது. ஊருக்குக் குடுப்பாங்க. உங்களுக்குத் தானா வருதான்னு பாப்பாங்க. பாவாடையண்ணன் மட்டும் உங்ககிட்ட வெவசாயம் பேசக் கூடாதாம்."

பாவாடை உத்தரவை மீறவில்லை. புது விதை வந்ததும் வேலிக்கு வெளியே நின்று, அறுத்த நிலத்தில் கட்டியிருந்த மாயவனின் ஆட்டிடம் பேசினார்.

"இன்னாடி, கேட்டுக்கோ. புது வெதைய மொத மழைக்கே போட்டுடணும். ஒரு மரக்கா வேலியோரம் வச்சிட்டுப் போறேன். உன் மொதலாளி கண்ட்ரோலு, அவருகிட்ட நான் பேச முடியாது."

மாயவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு அக்கறையாகக் கேட்டார்.

இதைப் பார்த்த தங்கதுரை பொய் எழுதத் தெரியாதவன். ஆராய்ச்சிப் படிவத்தில் 'தகவல் கிடைத்த வழி' என்ற இடத்தில் 'ஆடு' என்று எழுதி அனுப்பினான்.

பத்து நாளில் பதில் வந்தது. விதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டையும் கண்ட்ரோலில் சேர்த்திருந்தார்கள்.

மாயவன் மரக்காலை எடுத்துப் பாவாடை பக்கம் வைத்தார். பிறகு ஆட்டின் கயிற்றை அவிழ்த்தார்.

"நீயாச்சும் போடி."

ஆடு வேலி வரைக்கும் போய் அந்தப் பக்கம் பார்த்தது. மூன்று நிறுவனங்கள் சேர்ந்து போட்ட வேலி; நல்ல வேலி. ஆடு திரும்பி வந்து, மாயவனின் பழைய சாமை மாதிரி, படுத்துக்கொண்டது.