பொழுது சாய்வதற்குள் நாலு கரண்டி

...அப்படியானால் பச்சைத் தண்ணீர்கூட இப்போதைக்கு அவளுக்கு ஆகாது, வழி தவறி மூச்சுக்குழாய்க்குப் போய்விடும், எதைக் கொடுத்தாலும் வழவழவென்று, கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் மொத்தமாக விழ வேண்டும் என்று நர்ஸ் சொன்னதைத் தரணேந்திரன் மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார், இன்றைக்கு நாலு கரண்டியாவது இறங்காவிட்டால் நாளைக் காலை மூக்கில் திரும்பவும் குழாய், பக்கவாதம் வந்து இருபது நாள் அந்தக் குழாயோடு கிடந்தவள் மனைவி வெண்மதி, வேண்டாமென்று கண்ணாலேயே கெஞ்சியவள்... மணி ஐந்தேகால், மார்கழிப் பொழுது, ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் அவசரமாக இறங்குகிறது, இறங்கிவிட்டால் அவள் வாயைத் திறக்க மாட்டாள், இருட்டியபின் எதையும் சாப்பிடாத ஜைன வீட்டுப் பெண், எழிலைப் பெற்ற ராத்திரிகூட விடியும்வரை ஒரு வாய் கஞ்சி தொடாமல் கிடந்தாளே.

முதல் தடவை எங்கே தப்பியது? காலையிலிருந்து துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த தயிர், வெண்ணெய் மாதிரி நின்றது, அதில் பாதியைப் போய்க் கொத்தமல்லி புதினாவோடு மிக்சியில் போட்டு ஓட்டினார், சட்னி அப்படித்தானே அரைப்பார்கள்... திறந்தால் பச்சை மோர். நாக்கில் ஒரு துளி வைத்ததற்கே இருமி இருமி அவள் முகம் சிவந்துபோனது. பெங்களூரிலிருந்து போனில் மகள் எழில் சிரித்தாள், அழுகைக்குப் பக்கத்திலிருந்த சிரிப்பு.

“தயிர மிக்சில போட்டா மோராவாம இன்னா ஆவும் நைனா? கடையில பெயிண்ட்டு கலக்குறீங்களே, அந்தக் கைய எங்க வெச்சிட்டு வந்தீங்க?”

அந்தக் கை. இலையை ஈரம் போகத் துடைத்தார், ஊறிய முந்திரியோடு, நாலு சொட்டு எலுமிச்சையும் உப்பும் சேர்த்து அரைத்தார், பூண்டும் இஞ்சியும் மண்ணுக்குள் விளைவது, இந்த வீட்டில் ஏறாது, சல்லடையில் தேய்த்துத் திப்பியை நீக்கி, மீந்திருந்த கெட்டித் தயிரில் கரண்டியால் மெல்ல மடித்து மடித்துக் கலந்தார்... இது என்ன பச்சை? கடைவீதியில் இருபத்தெட்டு வருஷம் டின் டின்னாகப் பச்சை விற்றிருக்கிறார், எந்த டின்னிலும் இது இல்லையே, வெள்ளைக்குள் இறங்க இறங்க உயிர் வந்துகொண்டிருக்கிறதே.

அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைத் தாழ்த்தி, அரைக் கரண்டி வைத்தார். அவள் கழுத்தில் ஏதோ மேலே ஏறியது, ஒரு கணம் நின்றது, இறங்கியது. இருமல் இல்லை. இவ்வளவு பெரிய காரியமா இது, நாளெல்லாம் நானும் செய்கிறேனே, உள்ளே எந்தக் கதவு மூடி எந்தக் கதவு திறக்கிறது, யார் சொல்லிக்கொடுத்தது, முப்பத்தொரு வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள், ஒரு நாளும் இந்தக் கழுத்தைப் பார்த்ததில்லையே... இரண்டு. நெடுநேரம் கழித்து மூன்று. நாலாவதை எடுத்தபோது மலை கறுத்திருந்தது, ஜன்னலை மறைத்து உட்கார்ந்துகொள்ளலாம், அவளுக்குத் தெரியவா போகிறது? ஏமாற்ற முடியவில்லை.

“பொழுது போயிடுச்சி வெண்மதி. இன்னா பண்ணட்டும்?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை, வெகுநேரம். பிறகு, வளைந்த உதட்டை மெல்லப் பிரித்து, வாயைத் திறந்தாள். பசியா, குழாயின் பயமா, இல்லை, என் முகத்தில் எதையாவது பார்த்துவிட்டு எனக்காகத்தான் திறக்கிறாளா... கரண்டி பாதி வழியில் நின்றது. அவள் வாயை மூடவில்லை.