செம்பு தெரியும் இடம்

வெள்ளி என்று நம்பி வாங்கிய ரூபாயில், ராஜா தலையைச் சுற்றிச் செம்பு தெரிந்தது. பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம்தான். நாணயம் சேர்க்க ஆரம்பித்து ஐந்தே மாதத்தில் ஒரு போலியை நானே கண்டுபிடித்துவிட்டேனே என்ற சந்தோஷம். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் வந்த கோபம் லேசில் போகிற ஜாதி இல்லை.

நான் வீடியோ பார்த்து ஆளானவன். இந்த மராத்தி ஊரில் சாங்வி வீட்டிலிருந்து ஹிஞ்சேவாடி ஆபீஸுக்குக் கம்பெனி கேப். போக ஒன்றரை மணி நேரம், வர எவ்வளவு என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் தூங்குவார்கள், நான் காயின் வீடியோ பார்ப்பேன். முலாம் பூசிய காசைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் பற்றி மட்டும் நாற்பது வீடியோவாவது பார்த்திருப்பேன். மேலே பூசியது தேயும், உள்ளே இருக்கும் உலோகம் பல்லைக் காட்டும், காந்தம் வை, எடை போடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எல்லோரும் ஒரே குரலாகச் சொல்லும் விஷயம் ஒன்றுதான்: பழைய காசைக் கழுவாதே, எந்தக் காரணத்துக்காகவும் கழுவாதே.

நான் கழுவினேன். 1919-ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய் அது. நூறு வருஷத்து அழுக்கோடு கன்னங்கரேலென்று இருந்தது. நாணயச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட வேண்டும் என்று ஆசை. நம் வீட்டில் குத்துவிளக்கு துலக்குவது புளி போட்டுத்தானே, காசுக்கு மட்டும் என்ன கேடு வந்துவிடும் என்று நினைத்தேன்.

"நல்ல பாத்திரத்துல கை வெச்சேள்னா தெரியும் சேதி" என்றாள் என் மனைவி தீப்தி. அதனால் பரணிலிருந்து காதுடைந்த இரும்புச் சட்டி ஒன்றை எடுத்தேன். அதில் புளித் தண்ணீர், ஒரு பிடி உப்பு. ரூபாயோடு, கையில் இருந்த எட்டுச் செம்புக் காலணாக்களையும் சேர்த்துப் போட்டேன். ஒரே வேலையாக முடியட்டுமே. சனிக்கிழமை காலையில் போட்டதைச் சாயங்காலம் எடுத்தபோது, காலணாக்கள் பளபளத்தன. ரூபாயும் சிவந்து கிடந்தது. துணியால் அழுத்தித் துடைத்தேன். ராஜாவின் மூக்கும் கிரீடமும் வெள்ளையாயின, மற்ற இடமெல்லாம் சிவப்பாகவே நின்றது. அழுக்குப் போனதும் குட்டு உடைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

விற்றவர் ஹெலினா. கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமாகி இப்போது நிக்டியில் இருக்கிறார். என் வயதுதான், நாற்பதை ஒட்டி இருக்கும். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பன்னிரண்டு விற்பனை மேஜைகள், அதில் பதினொன்றில் ஆண்கள். பன்னிரண்டாவது அவருடையது. அந்த மேஜைக்காக ஆறு வருஷம் காத்திருந்தார் என்றும், அதுவரை கூட்டத்துக்குப் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்கள் வீட்டுக்காரர் எங்கே?" என்றே கேட்பார்கள் என்றும் முதல் நாளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொல்லியிருந்தார். வாரநாட்களில் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. பைக் ஹேண்டில்பார்களுக்கு முலாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது.

அதுதான் எனக்கு வாகாகப் போயிற்று. முலாம் பூசும் இடத்தில் வேலை, விற்பது முலாம் பூசிய காசு! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றுவிட்டான்.

மறுநாள் ஞாயிறு, மாதக் கூட்டம். கேம்ப் என்கிற பேட்டையில் ஒரு பள்ளியின் ஹால். நேராக அவர் மேஜைக்குப் போய்க் காசை டங்கென்று வைத்தேன். பிறகு ஹால் முழுக்கக் கேட்கும்படி ஹிந்தியில், "சோர் ஹை யே அவுரத்" என்றேன். இந்தப் பெண் திருடி. வடா பாவ் தின்றுகொண்டிருந்தவர்கள்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள்.

செயலாளர் கோட்போலே வந்தார். ஒல்லியான மனிதர், கையில் எப்போதும் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். ஹால் சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்த விதியைக் காட்டினார். முலாம் பூசியதையோ, மாற்றியதையோ, கழுவியதையோ சொல்லாமல் விற்றால் மேஜை போகும், திரும்பக் கிடைக்காது. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் வந்திருந்தேன்.

"பார்க்கிறேன்" என்றார் ஹெலினா. குரலை உயர்த்தவில்லை.

பிறகு அவர் செய்ததை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் ஆசை தீரவில்லை. காசை விளிம்பில் மட்டும் பிடித்தார். சின்னத் தராசில் வைத்தார். பதினொன்று புள்ளி ஆறு கிராம். இந்த அளவில் உள்ளே செம்பாக இருந்திருந்தால் பத்து கிராமைத் தாண்டுவதே கஷ்டம், இது வெள்ளியின் எடை என்று கோட்போலேயிடம் மராத்தியில் சொன்னார். எடை போட வேண்டும் என்று நாற்பது வீடியோவில் பார்த்திருந்த எனக்கு அதுவரை தராசு ஞாபகமே வரவில்லை. பிறகு லென்ஸை எடுத்தார். வெளிச்சம் சாய்ந்து விழும்படி காசைத் திருப்பித் திருப்பி, நிதானமாக, பக்கத்தில் பன்னிரண்டு பேர் மூச்சு விடுவது தெரியாதவர் போலப் பார்த்தார்.

"சார், இங்க பாருங்க" என்று லென்ஸை என்னிடம் நீட்டினார். "மேல வெள்ளி பூசியிருந்தா எங்க தேயும்? மூக்கு, கிரீடம், தாடி. உயரமா இருக்கற இடத்துலதானே கை படும்? அங்கதான் உள்ள இருக்கற செம்பு தெரியணும். பராபர்?"

"ஆமாம்."

"இதுல ஏக்தம் உல்டா. மூக்கு வெள்ளையா இருக்கு. பள்ளம் எல்லாம் சிவப்பு. எழுத்துக்கு நடுவுல பாருங்க, சிவப்பு. வெள்ளிக்கு அடியில செம்பு இல்ல சார். வெள்ளிக்கு மேல செம்பு ஏறியிருக்கு."

பார்த்தேன். அப்படியே இருந்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த அதே காசுதான். செம்பு தெரிகிறது என்பதைப் பார்த்தேன், அது எந்த இடத்தில் தெரிகிறது என்று பார்க்கவில்லை. அவர் இரண்டே நிமிஷத்தில் பார்த்துவிட்டார். என்ன கண் ஐயா அது என்று, அந்தக் கோபத்திலும், மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அவர் அதோடு விடவில்லை. கோட்போலேக்குப் புரியும்படி மராத்தியில் தொடர்ந்தார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. இது கரண்ட் வைத்து ஏற்றிய முலாம் இல்லை, அப்படி ஏற்றியிருந்தால் விளிம்பில் தடித்து, மாட்டித் தொங்கவிட்ட இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். இது தானாக ஏறியது. ஏதோ புளிப்பில் செம்பு கரைந்திருக்க வேண்டும், காசு இரும்பைத் தொட்டுக்கொண்டு கிடந்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் செம்பு முலாம் தொட்டிக்குள் இரும்புத் துண்டு தவறி விழுந்தால் இப்படித்தான் கேட்காமலே செம்பு ஏறும் என்றார்.

எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று பார்த்த மாதிரி சொல்லிவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

கோட்போலே தாடையைச் சொறிந்தார். காசு போலி இல்லை, சரி. ஆனால் யாரோ கழுவியிருக்கிறார்கள். கழுவியதைச் சொல்லாமல் விற்றாலும் விதி ஒன்றுதான். "நீங்கள் கழுவினீர்களா?" என்று அவரைக் கேட்டார். இல்லை, கறுப்பாக, வந்தபடியே கொடுத்தேன் என்றார் ஹெலினா. கோட்போலே என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள்?"

"நஹீ" என்றேன்.

ஏன் சொன்னேன்? முதல் வகுப்புப் பாடத்தில் தோற்றவன் என்று பதினொரு மேஜைக்காரர்களும் சிரிப்பார்கள் என்பதற்காகச் சொன்னேன். வேறு காரணம் இல்லை. ஒருத்தருடைய ஆறு வருஷம் ஒரு பக்கம், என் மூஞ்சி ஒரு பக்கம், நான் மூஞ்சியை எடுத்துக்கொண்டேன்.

கோட்போலே பெருமூச்சு விட்டு ரெஜிஸ்டரைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

ஹெலினா என்னைப் பார்த்தார். அழவில்லை, கத்தவில்லை. தமிழில், பக்கத்தில் வேறு யாருக்கும் புரியாத எங்கள் தமிழில், மெதுவாகக் கேட்டார். "சார், வீட்டுல இரும்பு சட்டி இருக்கா?"

என்னால் அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "இருக்கு."

"புளியா, எலுமிச்சையா?"

"புளி. உப்பும் போட்டேன்."

"காப்பர் காசு கூட போட்டீங்களா?"

"எட்டு."

அவர் தலையாட்டினார். கம்பெனியில் ஒரு ஹேண்டில்பாரைப் பார்த்து முடித்தால் இப்படித்தான் தலையாட்டுவார் போலிருக்கிறது. "எனக்குத் தெரிஞ்சு போச்சு சார். எனக்குத் தெரிஞ்சா போதாது. அவருக்குச் சொல்லுங்க."

அவ்வளவுதான். கெஞ்சவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால், நாங்கள் தமிழில் என்ன பேசினோம் என்று அந்த ஹாலில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல், நானே சொல்வதற்கு இடம் விட்டு நின்றார். நானாக இருந்தால் அந்த இடத்தில் நாலு வீடு கேட்கக் கூச்சல் போட்டிருப்பேன்.

கோட்போலே பன்னிரண்டாம் எண்ணை எழுதிவிட்டார். நான் குனிந்து அவர் காதில் சொன்னேன். "மைனே தோயா." நான்தான் கழுவினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு ரெஜிஸ்டரை மூடினார். மனிதருக்கும் நிம்மதிதான். முடிந்தது என்று நானும் மூச்சு விட்டுக்கொண்டு, ஹெலினாவிடம், "மன்னிச்சுக்கோங்க மேடம்" என்று முணுமுணுத்தேன்.

"திருடின்னு சொன்னது ஹால் முழுக்க கேட்டுச்சு சார்" என்றார் ஹெலினா. "இதுவும் கேக்கட்டும்."

நியாயம்தானே. நியாயம் இவ்வளவு கசக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. திரும்பி நின்றேன். வடா பாவ் கூட்டம் இன்னும் எங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. என் ஹிந்தி சண்டைக்குப் பழகினது. இதற்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. காசை நான்தான் கழுவினேன், இம்லீ, அதாவது புளி போட்டு, இரும்புச் சட்டியில் கழுவினேன், கேட்டபோது பொய் சொன்னேன், காசு அசல், இவர் திருடி இல்லை, நான்தான் முட்டாள் என்று சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர் கேட்கவில்லை என்றார். இரண்டாம் முறையும் சொன்னேன், கத்தி.

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். ஹெலினா சிரிக்கவில்லை. அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கையிலிருந்த லென்ஸை மேஜையில் வைக்கப் போனார். கை நடுங்கியதில் அது மரத்தில் இரண்டு மூன்று முறை தட்டிவிட்டு நின்றது. அவ்வளவு நேரமும் அந்தக் கை ஆடாமல் அசையாமல் என் காசைப் பிடித்திருந்தது.