கதிரையில் ஒரு கறுப்புப் புள்ளி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மொறட்டுவையில் நான் போகும் கோயிலில், பாவசங்கீர்த்தனம் கேட்கப் பாதர் உட்காரும் தேக்குக் கதிரையின் வலக்காலில் மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவே. மற்றதெல்லாம் நான் அறுத்து இழைத்தது.

2

களப்பின் மேல் மூட்டம் இறங்கியிருந்த ஒரு காலையில்

[வேண்டாம். இப்படித் தொடங்கினால் கதை அங்கேயே தூங்கிவிடும்.]

பாதருக்கு ஆணியே இல்லாத கதிரை செய்து தருவதாக, ஊரார் ‘பாஸ்’ என்று அழைக்கும் தச்சர் அன்செல்ம் கோயில் வாசலில் ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். மரத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் தோண்டிய குழிக்குள் இறக்கி, குறுக்கே மரமுளை அடிக்க வேண்டும். முளைக்காகக் கழுந்தில் இடும் ஓட்டையை, காலில் உள்ள ஓட்டைக்கு நேராக இல்லாமல் அடிப்பக்கமாக ஒரு நூலளவு தள்ளி இட்டால், முளை இறங்க இறங்க மூட்டு இறுகும். கடைசிக் காலில் அவர் நுனிப்பக்கமாகத் தள்ளிவிட்டார். அடிக்க அடிக்க மூட்டு வாய் பிளந்தது.

[நாற்பது வருடம் உளி பிடித்தவர் இப்படிப் பிசகுவாரா? யாரோ பக்கத்தில் நின்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

முளையைப் பிடுங்கி, ஓர் ஆணியை இறக்கி, மேலே மரத்துண்டு வைத்து அடைத்தார்.

3

தேக்குக்குள் இரும்பு சும்மா இருக்காது. ஈரம் பட்டால் கறுக்கும். மூன்று நாள் மழைக்குப் பின், கதிரையைக் கொடுக்க வேண்டிய அன்று, மெருகு போட உட்கார்ந்தாள் அவர் மனைவி டொட்டி.

"இஞ்ச பாருங்க, கதிரைக்கு மச்சம் வந்திருக்கு."

"மரத்தில உள்ளதுதான்."

"போன கிழமை இல்லாத மச்சமா? ஆணி அடிச்சீங்களா?"

"மெதுவாப் பேசு. பக்கத்துப் பட்டறைக்காரனுக்குக் காது நீளம்... பாதர்ட்ட பாவசங்கீர்த்தனத்தில சொல்லிடுவன். அவர் யாருக்கும் சொல்ல ஏலாதுதானே."

"கெட்டிக்காரன்! அவரை அதிலயே இருத்திவச்சு, அவர் காதிலயே! வாசல்ல அளந்ததை வாசல்ல போய்த் திருப்பி எடுங்க."

[கதிரையைக் கொடுக்க வேண்டிய அன்றே டொட்டி கண்ணில் புள்ளி பட்டது என்பது என் ஆணி. கதை சேரவில்லை, அடித்துவிட்டேன்.]

4

அவர் புதுக் கால் செய்வதாக ஒரு முடிவு எழுதினேன். டொட்டியே சாயம் பூசி மறைப்பதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தாயிற்று. மிச்சம் இது:

சாயங்காலம். சன்னல் வழியே களப்புத் தண்ணீரின் வெளிச்சம் கதிரைக் கால்களில் ஏறி நெளிகிறது. கதிரை தண்ணீரில் நிற்பதுபோல் இருக்கிறது. பாதர் உட்கார்ந்திருக்கிறார். அது முனகவேயில்லை. அன்செல்ம் முழந்தாளிட்டுத் தலை குனிய, கண்ணுக்கு நேரே புள்ளி. பின்னால் வாங்கில் டொட்டியும் இன்னும் ஆறேழு பேரும்.

"சொல்லுங்க பாஸ்."

"பாதர், நான் ஒரு பொய்..."

"என்ன பொய்?"

"நீங்க இருக்கிற..."

இதை அவர் பாதர் காதுக்கு மட்டும் முடிப்பாரா, வாசல்வரை கேட்க முடிப்பாரா? நான் ஓட்டையை மட்டும் இட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் தள்ளி என்று பார்க்கவில்லை. முளை உங்கள் கையில்.